மண்ணூர்னு எழுதின சீட்டு

போன வாரம் நிவேதா போன் பண்ணுச்சு. காலேஜ்ல விலங்கியல் துறை மியூசியத்துல நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் உக்காந்திருந்த நாற்காலியில இப்ப உக்காந்திருக்கிற பொண்ணு. நல்ல பொண்ணு தான், ஆனா போன எடுத்தா மூச்சு விடாது.

"அண்ணே, நியூஸ் பாத்தீங்களா? மண்ணுக்குள்ள பொந்து போட்டு வாழுற விலாங்காம், புது இனமாம். தெக்க ஒரு மாவட்டத்துல, கெணத்தடி சேத்துல கெடச்சிருக்கு. செக்கச்செவேல்னு இருக்குண்ணே. கண்ணு இருக்கா இல்லையான்னே தெரியல. போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க."

பாத்தேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தேன், கழட்டிட்டும் பாத்தேன். பொண்டாட்டி வந்து, "இன்னாய்யா, பிரஷர் மாத்திரை போட்டியா?"ன்னு கேட்டா. என் மூஞ்சி அப்படி ஆயிடுச்சு போல.

"நம்ம அலமாரியில இதே மாதிரி ஒண்ணு இருக்குல்லண்ணே? தொண்ணூத்தொண்ணாம் வருஷம், மண்ணூர்னு சீட்டு, உங்க கையெழுத்து. இதக் கண்டுபுடிச்சவங்க நம்மளதையும் பாக்கணுங்கறாங்க. மண்ணூர்ல எந்த எடம்னு சொன்னா, போய்த் தோண்டியும் பாப்பாங்களாம். எந்த எடம்ணே?"

நேர்ல வந்து சொல்றேம்மான்னு போன வெச்சுட்டேன். போனேன், சொன்னேன். கேட்டுட்டு அந்தப் பொண்ணு, "வாயால சொன்னா ஆகாதுண்ணே, எழுதிக் குடுத்துடுங்க"ன்னுச்சு. ஒரு வரி எழுதலாம்னு தான் உக்காந்தேன். ஒரு வரியில முடியல.

நான் வேலைக்குச் சேந்த கதை பெருசா ஒண்ணும் இல்ல. படப்பைக்காரன். பத்தாவது முடிச்சுட்டு, காலேஜ் பிராக்டிகலுக்குத் தவளை புடிச்சுக் குடுக்கிறவனா பின்வாசல் வழியா உள்ள போனேன். செத்த தவளைய தலையில கட்டாம உசுரோட கொண்டாறான்னு நல்ல பேரு. ஒரு அட்டெண்டர் ரிட்டயர் ஆனதும் என்னை உள்ள போட்டுட்டாங்க. ரெண்டு வருஷம் ஜாடி கழுவினேன். அடுத்த ரெண்டு வருஷம் ஜாடி கழுவுறவன மேய்ச்சேன். அதுக்கப்புறம் சுகந்தி மேடத்துக்குக் கீழ வந்தேன். நான் வேலைன்னு சொல்லிக்கிறது அதுக்கப்புறம் தான்.

சுகந்தி மேடம் எங்க துறையில மீன் பாக்கிறவங்க. குள்ளமா, ஒல்லியா இருப்பாங்க. காட்டன் புடவை, இடுப்புல சொருகின கைக்குட்டை. கல்யாணம் பண்ணிக்கல. மத்தவங்களுக்கெல்லாம் நான் "டேய் ஏழுமலை". அவங்களுக்கு மட்டும் "ஏழுமலை, கொஞ்சம் வாங்களேன்". அட்டெண்டர வாங்க போங்கன்னு கூப்பிட்ட ஒரே ஆளு. திட்டவே மாட்டாங்க. அதுதான் கஷ்டமே. திட்டுற ஆளுன்னா தப்பு பண்ணிட்டு, வாங்கிக் கட்டிக்கிட்டு, டீ குடிக்கப் போயிடலாம். இவங்க ஒரு தடவை தான் கேப்பாங்க. நாம சொன்னத அப்படியே ரெஜிஸ்தர்ல எழுதிக்குவாங்க. பொய்யின்னு தெரிஞ்சாலும் சும்மா இருப்பாங்க, நாமளே வந்து சொல்ற வரைக்கும்.

ஒரு தடவை கடல்குதிரை ஜாடி ஒண்ணு என் கையில இருந்து வுழுந்து ஒடைஞ்சுது. பூனை தட்டிடுச்சு மேடம்னேன். "பூனையா?"ன்னு கேட்டுட்டு, 'பூனை'ன்னு எழுதிக்கிட்டாங்க. ஒரு மாசம் அந்த ரெஜிஸ்தரத் தொறக்கிறப்பல்லாம் பூனை என்னைப் பாத்துச்சு. தாங்க முடியாம போய்ச் சொல்லிட்டேன். சிரிக்கல, மொறைக்கல. பூனை மேல ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்துல 'ஏழுமலை, கை தவறி'ன்னு எழுதினாங்க. அடிச்சது தெரியணும், அழிக்கக் கூடாது, அது அவங்க சட்டம். "ஜாடி ஒடையலாம் ஏழுமலை. சீட்டு பொய் சொல்லக் கூடாது. சீட்டு பொய் சொன்னா உள்ள இருக்கிறது வெறும் செத்த மீன்"ன்னாங்க.

சீட்டுன்னா ஜாடிக்குள்ள போடுற காயிதம். என்ன உசுரு, எங்க கெடச்சுது, எந்தத் தேதி, யாரு புடிச்சது. கெட்டி காயிதத்துல இந்தியன் இங்க்ல எழுதி, நல்லா காய வெச்சு, மீனோடவே உள்ள போடணும். வெளிய ஒட்டினா உரிஞ்சு போயிடும். பேனா மையில எழுதினா ஒரே வாரத்துல கரைஞ்சு ஜாடி முழுக்க ஊதா கலராயிடும். என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு எல்லாச் சீட்டும் என்னைத் தான் எழுதச் சொல்லுவாங்க. அதுல எனக்கு ஒரு கர்வம்.

இனிமே விஷயத்துக்கு வரேன். தொண்ணூத்தொண்ணு, பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி அக்கா வூட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பேரு முனியம்மா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம், வல்லத்துக்கு அந்தாண்ட ஒரு சின்ன ஊருல குடுத்திருந்தோம். அவ வூட்டுக்காரரு கன்னியப்பன் மாமா நவரை நெல்லு நடவுக்கு நெலத்த சரி பண்ணிக்கினு இருந்தாரு. வரப்போட ஓரத்த மண்வெட்டியால செதுக்கற வேல. கறுப்புக் களிமண்ணு, கால வெச்சா புடிச்சு இழுக்கும். நான் வரப்பு மேல உக்காந்து கரும்பு கடிச்சுக்கினு அவர வம்பு பண்ணிக்கினு இருந்தேன்.

"ஏ பாம்புடா!"ன்னு மாமா மண்வெட்டிய ஓங்கினாரு.

"வெட்டாத மாமா! உடு, உடு!"

வெட்டுன மண்ணுல ஒரு செகப்பு நெளிஞ்சுது. ஒன்றரைச் சாண் இருக்கும், பென்சில் தடிமன். பச்சைக் கறியோட நெறம். கையில எடுத்தேன்.

"மண்ணுளிக் குட்டிடா, கீழ போடு" மாமா பின்னால போயிட்டாரு.

"மண்ணுளிக்குச் செதில் இருக்கும் மாமா. இது வழவழன்னு கீது பாரு." திருப்பிப் பாத்தேன். தொண்டைக்கு அடியில ஒரே ஒரு கீறல். செவுளு. கண்ணு இருக்க வேண்டிய எடத்துல தோலுக்கு உள்ள ஒரு கறுப்புப் புள்ளி, அவ்ளோ தான். துடுப்பு இல்ல, ஒரு மண்ணும் இல்ல. "மாமா, இது மீனு."

"மீனா? வரப்புலயா? காலங்காத்தால குடிச்சுகினு கீறியா இன்னா?"

அது என் விரல் இடுக்குல மூக்க நொழைச்சு நொழைச்சு எடம் தேடுச்சு. பயந்து நெளியல. வேலை இருக்கிறவன் மாதிரி தோண்டுச்சு. எத்தனையோ உசுரத் தொட்டிருக்கேன், அந்தக் குளிர்ச்சி மட்டும் இன்னமும் கையில இருக்கு. பழைய பிஸ்கட் டப்பா ஒண்ணு வாங்கி, அந்த வரப்பு மண்ணையே அள்ளிப் போட்டு, அத மேல விட்டேன். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள உள்ள போயிடுச்சு.

சாயங்காலம் அக்கா சோறு போடறப்ப மெதுவா ஆரம்பிச்சா. "அத காலேஜ்ல காட்டுவியாடா?"

"பின்ன?"

"எங்க ஊரு பேர எழுதுவாங்களா?"

அப்பத்தான் விஷயம் வெளிய வந்துச்சு. ஒரு கம்பெனிக்கு அந்தப் பக்கம் நெலம் பாத்துக்கினு இருந்தாங்க. நெலம் குடுக்கிற வூட்டுல ஒருத்தருக்கு வேலைன்னு புரோக்கர் சொல்லியிருந்தான். மாமாவுக்கு அந்த நெலத்துல மூணு வருஷமா வெளைச்சல் சரியில்ல, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க வேற. பக்கத்துல ஏதோ ஒரு ஊருல கெணறு தோண்டறப்ப கல்லு சிலை ஒண்ணு வந்துச்சாம். ஆபீசருங்க வந்து சுத்திக் கயிறு கட்டிட்டுப் போயிட்டாங்களாம். நெலத்துக்காரன் சொந்த நெலத்துல கால் வெக்க முடியலியாம்.

"மீனுக்கெல்லாம் எவன்க்கா வந்து கயிறு கட்டப் போறான்?"

"சிலைக்குக் கட்னானா இல்லியா? உனுக்கு கெவுருமெண்டு மாதிரி வேலை கீது. உன் மாமாவுக்கு இன்னா கீது? எங்க ஊரு பேர மட்டும் எழுதிடாதடா தம்பி." கண்ணுல தண்ணி வெச்சுக்கினா. மாமா தட்டையே பாத்துக்கினு இருந்தாரு. அந்த மனுசன் அப்படி உக்காந்து நான் பாத்ததில்ல. சரிக்கான்னு தலையாட்டிட்டேன்.

பொங்கல் முடிஞ்சு டப்பாவோட காலேஜ் போனேன். மேடம் டப்பாக்குள்ள கைய விட்டுத் துழாவி அத வெளிய எடுத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. "ஏழுமலை"ன்னு மட்டும் சொன்னாங்க. அப்புறம் கேட்டாங்க, "எங்க?"

"மண்ணூர் மேடம்."

மண்ணூர் என் பொண்டாட்டி ஊரு. வாயில முதல்ல வந்தது அதுதான்.

"மண்ணூர்ல?"

"மாமனார் நெலம் மேடம். மேல வரப்பு."

வரப்பு மட்டும் நெசம். மேடம் எழுதிக்கிட்டாங்க. டப்பா மண்ணக் கொட்டப் போனேன். "கொட்டாதீங்க. காய வெச்சுப் பொட்டலம் கட்டுங்க. எந்த வீட்டுல இருந்துச்சுன்னும் நமக்குத் தெரியணும்ல?"ன்னாங்க. கட்டி வெச்சேன், மறந்தும் போயிட்டேன்.

ஃபார்மலின்ல போட்டா நெறம் போயிடும், வெளிறிடும். அதனால மொதல்ல ஒரு முழு நாள் அத உசுரோட கண்ணாடித் தட்டுல ஈர மண்ணோட வெச்சுக்கிட்டு, நெறத்தப் பத்தி எழுதினாங்க. தலையில என்ன செகப்பு, வயித்துல என்ன செகப்பு, வாலுல என்னன்னு. மத்தியானம் சாப்பிடக் கூட எழுந்திருக்கல. மறுநாள் ஐஸ் தண்ணியில விட்டோம். "மன்னிச்சுக்கோம்மா"ன்னு அதுகிட்ட சொன்னாங்க, எனக்குக் கேக்காதுன்னு நெனச்சு. அசைவு நின்னதும் மெழுகுத் தட்டுல நேரா நீட்டி, உடம்பக் குத்தாம ரெண்டு பக்கமும் குண்டூசிய அண்டக் குடுத்தேன். ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒம்பது பங்கு தண்ணி, ஒரு சிட்டிகை வெங்காரம். வெங்காரம் போடலைன்னா நாளாவட்டத்துல எலும்பு கரைஞ்சு போயிடும். வெறைச்சதும் ஒரு நாள் முழுக்க ஓடுற தண்ணியில ஊற வெச்சு, அப்புறம் ஸ்பிரிட் ஜாடிக்கு மாத்தி, வாய் வரைக்கும் ஊத்தி மூடினேன். மூடறதுக்கு முன்னாடி சீட்டு எழுதினேன். மண்ணூர். முத்து முத்தா எழுதினேன். அன்னைக்குத் தான் மொத மொதல்ல என் கையெழுத்தப் பாத்து எனக்குக் கசந்துச்சு.

எலும்பு எண்ணணும்னா எக்ஸ்ரே வேணும். காலேஜ்ல ஏது? தாம்பரத்துல ஒரு எலும்பு டாக்டர் கிளினிக்குக்கு மேடமும் நானும் மீனத் தூக்கிக்கிட்டுப் போனோம். அங்க பேர் எழுதறவர் தலை நிமிராம, "பேஷண்ட் பேரு?"ன்னாரு.

"இன்னும் வைக்கலைங்க" மேடம் சொன்னாங்க.

"கொழந்தையாம்மா? வயசு?"

"தெரியலைங்க. ஜனவரியில தான் கெடச்சுது."

அப்பத்தான் நிமிந்து பாத்தாரு. நான் டப்பாவத் தொறந்து காட்டினேன். அந்த மனுசன் ஒரு நிமிசம் யோசிச்சுட்டு, எதுவுமே நடக்காத மாதிரி கவர் மேல 'பேபி ஆஃப் சுகந்தி'ன்னு எழுதிக் குடுத்தாரு. பேர் வைக்காத கொழந்தைக்கு அங்க அப்படித்தான் எழுதுவாங்களாம். வெளிய வந்து ரோட்டோரத்துல நின்னு மேடம் சிரிச்ச சிரிப்பு இருக்கே, கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவங்களுக்கு. "என் வாழ்க்கையில இதான் முதல் பேபி, ஏழுமலை"ன்னாங்க. அந்தக் கவர மாத்தவே விடல.

எலும்பு எண்ணினாங்க, மூணு தடவை. அவங்க பத்து பத்தாச் சொல்லச் சொல்ல நான் புளியங்கொட்டை எடுத்து வெச்சேன். புத்தகத்துல இருக்கிற எந்த விலாங்கோடவும் ஒத்துப் போகல. வெளியூரு மியூசியங்களுக்கெல்லாம் லெட்டர் போட்டு, பதிலுக்குக் காத்திருந்து, பதில் வர வர முகம் மலர்ந்துக்கிட்டே போச்சு. இது புதுசு. இதுவரைக்கும் யாரும் பேர் வைக்காதது. அவங்க அடுத்த வருஷம் மார்ச்சோட ரிட்டயர். கட்டுரைய டைப் அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. வெயில் காலத்துல இது ஆழமா போயிடும், மழை வந்ததும் மண்ணூர் போய் எடத்தப் பாத்து ஒரு பாரா எழுதிட்டா முடிஞ்சுதுன்னாங்க.

அந்த வருஷம் மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல நடந்தது எல்லாருக்கும் தெரியும், அத நான் எழுத வரல. ஆனா அதுக்கப்புறம் அந்த ரோட்டுல பையோட போனா போலீஸ் நிறுத்தாம விடாது. ஆவணியில அக்கா நெலம் கைமாறிச்சு. ஐப்பசி மழை புடிச்ச ஒரு சனிக்கிழமை மேடமும் நானும் மண்ணூருக்கு பஸ் ஏறினோம். கடப்பாரை, மண்வெட்டி, நாலு ஜாடி, ஒரு பாட்டில் ஃபார்மலின். பாதி வழியில பஸ்ஸ நிறுத்தி ஒரு கான்ஸ்டபிள் என் பையத் தொழாவினாரு.

"இன்னாய்யா பாட்டில் இது?" மூடியத் தொறந்து மோந்துட்டாரு. அவ்ளோ தான், தும்மி, இருமி, கண்ணெல்லாம் தண்ணி. நான் செத்தேன்னு நெனச்சேன்.

மேடம் எழுந்து கைக்குட்டையக் குடுத்து, "சார், அது செத்த மீனுக்கு ஊத்தறது. நீங்க நல்லா இருக்கணும்"னாங்க. பஸ்ஸே சிரிச்சுது. அவரும் சிரிச்சுட்டு விட்டுட்டாரு.

மாமனார் நெலத்துல எறங்கினோம். அங்க மண்ணு செம்மண் கலந்த மணலு, மண்வெட்டி சொரசொரன்னு எறங்கும். மேடம் புடவையத் தூக்கிச் சொருகிக்கிட்டு மண்டி போட்டு, மேல வரப்புல கைய முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினாங்க. நானும் தோண்டினேன். இல்லாத எடத்துல இல்லாதத தேடறதுல ஒரு வசதி, கஷ்டப்பட்டுத் தோண்டலாம், யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. சாயங்காலம் கெளம்பறப்ப மேடம் ஒரு பிடி மண்ண கைக்குட்டையில முடிஞ்சு எடுத்துக்கிட்டாங்க. பஸ் ஸ்டாப்புல நிக்கறப்ப கேட்டாங்க: "வேற எடம் எதாச்சும் தோணுதா, ஏழுமலை?"

"இல்ல மேடம்."

"சரி."

திங்கக்கிழமை வந்தப்ப டைப்ரைட்டர் மேல உறை போட்டிருந்துச்சு. என்ன மேடம்னேன். "ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கிட்டுப் பேர் வைக்கக் கூடாது ஏழுமலை. இன்னொண்ணு கெடைக்கட்டும். மழை இருக்கிற வரைக்கும் சனிக்கிழமை தோறும் போலாம்"னாங்க.

அப்பத்தான் ஒரு திருட்டு யோசனை வந்துச்சு. அக்கா நெலத்துல போய் இன்னொண்ணு புடிச்சாந்து, மண்ணூர் வரப்புல விட்டுட்டா? மேடம் கையாலயே எடுத்துடுவாங்க. புதன்கிழமை லீவு போட்டுட்டு வல்லத்துக்கு ஓடினேன்.

வரப்பு இல்ல. வயலே இல்ல. ஆள் ஒசரத்துக்கு கிராவல் கொட்டி, ரோலர் விட்டு அமுக்கியிருந்தாங்க. கம்பெனி கேட்டாண்ட மாமா நின்னுக்கினு இருந்தாரு, நீலச் சட்டை போட்டுக்கினு. என்னைப் பாத்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சாரு. "தோ பார்ரா, சட்டையில பேரு போட்டுக் குட்த்து கீறாங்க!"

"நம்ம மேல வரப்பு எங்க மாமா?"

"நீ நின்னுகினு கீற எடந்தான்"னு சொல்லிட்டு எனக்கு டீயும் போண்டாவும் வாங்கியாந்தாரு. சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. இதையும் எழுதியாகணும்: அந்த வேலையில மாமா கடைசி வரைக்கும் இருந்தாரு, அந்த வேலைய வெச்சுத்தான் ரெண்டு பொண்ணுங்களும் படிச்சுது. அதனால அன்னைக்கு அக்காவுக்குத் தலையாட்டினது தப்புன்னு என்னால முழுசாச் சொல்ல முடியல. அதுக்கப்புறம் வாய மூடிக்கிட்டு இருந்தது தப்பு. நெலம் கைமாறிடுச்சு, மாமாவுக்கு வேலையும் கெடச்சுடுச்சு, இனிமே யாருக்கு என்ன பயம்? ஒண்ணும் இல்ல. மேடம் மொகத்துல என் மதிப்பு எறங்கறத நான் பாக்கணுமே, அந்த ஒரு பயம் தான்.

அப்புறம் எட்டு சனிக்கிழமை போனோம். என்னைக் கேட்டா, என் வேலைக் காலத்துலயே நான் திரும்பக் கேக்கறது அந்த எட்டு நாளத்தான். பொய் சொல்லிக்கிட்டுத் தோண்டின நாளு அது, வெக்கமில்லாமத்தான் சொல்றேன். மேடம் எலுமிச்சஞ்சோறு கட்டியாருவாங்க, என் மாமியார் கருவாட்டுக் கொழம்பு குடுப்பாங்க. ரெண்டையும் ஒரே தட்டுல போட்டுச் சாப்பிடுவாங்க அந்தம்மா! காலேஜ்ல வாயத் தொறக்காதவங்க வரப்புல உக்காந்தா பேசிக்கிட்டே இருப்பாங்க. சின்ன வயசுல அவங்க அப்பா ஆஸ்பத்திரிக்குப் போறப்பல்லாம் அங்க இருந்த மீன் தொட்டி முன்னாடி அவங்கள உக்கார வெச்சுட்டுப் போவாராம். "அதுங்க என்னை ஒண்ணும் கேக்கல, அதனால புடிச்சுப் போச்சு"ன்னாங்க. தேள், நண்டு, மண்ணுளி, எல்லாம் வந்துச்சு. செகப்பு மட்டும் வரல. ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஸ்டாப்புல அதே கேள்வி. "வேற எடம் எதாச்சும் தோணுதா, ஏழுமலை?" ஒவ்வொரு தடவையும் நான், "இல்ல மேடம்."

கடைசி சனிக்கிழமை அடைமழை. ஒரே கொடையில நின்னோம். அவங்க பக்கமாக் கொடையப் புடிச்சுக்கினு நான் பாதி நனைஞ்சேன். பஸ் வெளிச்சம் தூரத்துல தெரிஞ்சுது. கேட்டாங்க. சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன், சத்தியமாத் தொறந்தேன். அதுக்குள்ள பஸ் வந்து நின்னுச்சு, கண்டக்டர் ஏறு ஏறுன்னான். "இல்ல மேடம்"னு சொல்லிட்டேன். மேடம் என்னை ஒரு நிமிசம் பாத்துட்டு, ஈரக் கைய புடவையில தொடச்சுக்கிட்டு ஏறிட்டாங்க.

மார்ச்ல ரிட்டயர் ஆனாங்க. ஜாடிய அடி அலமாரியில அவங்களே வெச்சுட்டுப் போனாங்க. கோயமுத்தூர்ல தம்பி வூட்டுக்குப் போயிட்டாங்க. வருஷா வருஷம் பொங்கலுக்கு எனக்குக் கார்டு வரும். 'அந்தப் பக்கம் மழை எப்படி, ஏழுமலை?'ன்னு கேட்டிருப்பாங்க. நல்லா பேஞ்சுது மேடம்னு பதில் போடுவேன். ஒரு வருஷம் கார்டு வரல. அவங்க தம்பி கிட்டேருந்து லெட்டர் வந்துச்சு.

இத்தனையும் நிவேதா கிட்ட சொல்லிட்டு, "நான் உண்மையச் சொல்லியிருந்தா ரெண்டாவது மீன் கெடச்சிருக்கும்மா, மேடம் பேர் வெச்சிருப்பாங்க"ன்னேன்.

"ரெண்டாவது எதுக்குண்ணே?"ன்னுச்சு அது. "ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் பேர் வைக்கலாமே. எத்தனையோ பேர் வெச்சிருக்காங்க."

"மேடம் அப்படித்தான் சொன்னாங்க."

அந்தப் பொண்ணு பழைய ரெஜிஸ்தரத் தூக்கியாந்து தொறந்துச்சு. தொண்ணூத்தொண்ணு, ஜனவரி. நான் சொன்ன மண்ணூர், மேடம் கையெழுத்துல. கடைசிக் கட்டத்துல பென்சில்ல பொடி எழுத்து, அதுவும் மேடத்தோடது. இங்கிலீஷ்ல இருந்தத நிவேதா படிச்சுத் தமிழ்ல சொல்லுச்சு. 'டப்பா மண்ணும் மண்ணூர் மண்ணும் ஒன்றல்ல. இடம் வேறு. சேகரித்தவர் தாமே சொல்லும்வரை கட்டுரை எழுதக் கூடாது.' கீழ தேதி. மொத சனிக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை.

அந்தத் தேதிய ரெண்டு தடவை பாத்தேன். மொத வாரமே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் எட்டு சனிக்கிழமை என்கூட வந்து மண்டி போட்டுத் தோண்டியிருக்காங்க, எனக்கு ஒரு பஸ் ஸ்டாப் குடுக்கறதுக்காக. மேடம், ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

ஜாடிக்குப் பின்னாடி எக்ஸ்ரே கவர் இருந்துச்சு. 'பேபி ஆஃப் சுகந்தி.' கவருக்குள்ள ரெண்டு பொட்டலம், ஒரே நூலால சேத்துக் கட்டி. ஒண்ணுல செம்மணல். இன்னொண்ணுல கறுப்புக் களி, காஞ்சு கட்டியா. அக்காவும் இல்ல, மாமாவும் இல்ல, அந்த நெலத்துல மிச்சம் இருக்கிறது இந்த ஒரு பிடி தான். கொஞ்சம் எச்சில் தொட்டு விரல்ல தேச்சேன். அதே வாசனை.

வரப்போறவங்க எலும்ப எண்ணிப் பாப்பாங்களாம். அவங்க கண்டுபுடிச்ச இனமாவே இருக்கலாம், இல்ல இது வேற ஒண்ணா இருந்தா இன்னமும் பேர் இல்லாததா இருக்கலாம். அது அவங்க பாடு. என் பாடு சீட்டு. பழைய சீட்ட எடுக்கக் கூடாது, கூடவே புதுசு ஒண்ணு போடணும். நிவேதா கெட்டி காயிதமும் இங்க்கும் கொண்டாந்துச்சு. எழுத்து முத்து முத்தா வரல. 'வல்லத்துக்கு அப்பால், முனியம்மா கன்னியப்பன் நிலம், மேல வரப்பு. களிமண். முன் சீட்டில் உள்ள இடம் பொய். எழுதியவன் ஏழுமலை.' ரெஜிஸ்தர்லயும் மண்ணூர் மேல ஒரே ஒரு கோடு இழுத்தேன். அடிச்சது தெரியற மாதிரி.

இங்க் காயறதுக்காகச் சீட்ட ஜன்னலோரம் வெச்சுக்கிட்டு நின்னேன். வெளிய தூறிக்கிட்டு இருந்துச்சு.

"இருக்கு மேடம்"னேன். "வேற எடம் இருக்கு."

நிவேதா நிமிந்து பாத்து, "யாருகிட்டண்ணே பேசறீங்க?"ன்னு கேட்டுச்சு.